கணவாயில் ஒரு கூடாரம்

கோயம்புத்தூரிலிருந்து நேயர் ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். வருகிற ஜூலை மாதத்தில் குடும்பத்துடன் மணாலியிலிருந்து லே நகரத்துக்கு மோட்டாரில் போவதாக உத்தேசமாம். மனைவி, கல்லூரியில் படிக்கும் இரண்டு குழந்தைகள், ஒரு மைத்துனர், அவர் ஆக ஐந்து பேர். ஹோட்டலில் தங்குவது அவருக்குப் பிடிக்கவில்லை. "ஹிமாலயத்துக்குப் போயும் நான்கு சுவருக்குள்தானா படுப்பது?" என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆகையால் கூடாரங்களைக் கூடவே எடுத்துக்கொண்டு போய், கணவாய்ப் பாதையின் ஓரத்தில் ஆள் நடமாட்டமில்லாத இடமாகப் பார்த்து இரவைக் கழிப்பது என்று தீர்மானம். "அப்படிப்பட்ட இடங்கள் எங்கெங்கே இருக்கின்றன? ஒரு ஜாபிதா அனுப்பினால் பெரிய உபகாரமாயிருக்கும்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

நேயர் மன்னிக்க வேண்டும். ஜாபிதா அனுப்புவதற்கில்லை. ஆள் நடமாட்டமில்லாத இடம் இன்னது என்று பத்திரிகையில் அச்சிட்டுவிட்டால், மறு வாரமே அது ஆள் நடமாட்டமுள்ள இடமாகிவிடும். இதை அறிய தர்க்க சாஸ்திரம் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இடத்தின் பெயரைச் சொல்லாமல், இடத்தைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்லலாம். அந்த வித்தையை நாம் புஸ்தகத்தில் படித்து அறிந்துகொள்ளவில்லை. ஒரு தடவை நன்றாகத் தவறு செய்து, மறு தடவை ஓர் ஆட்டிடையரிடம் பாடம் கேட்டுக் கற்றுக்கொண்டோம்.

முதலில் தவறைச் சொல்லிவிடுகிறோம்.

மணாலி சுமார் 6,700 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே போகிறவர்கள் முன்பெல்லாம் 13,000 அடி உயரமுள்ள ரோஹ்தாங் கணவாயை ஏறி இறங்கியாக வேண்டும். அந்தப் பெயருக்குப் 'பிணக்காடு' என்று பொருள் சொல்வதுண்டு. பழைய காலத்தில் பனிப்புயலில் அகப்பட்டு அங்கே மாண்டவர்கள் பலர். 2020-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 3-ந் தேதி அடல் சுரங்கப் பாதை திறக்கப்பட்டது. சுமார் 9 கிலோமீட்டர் நீளம். மலையைச் சுற்றி ஏறி இறங்குவதற்குப் பதிலாக, மலையின் வயிற்றுக்குள் புகுந்து சில நிமிஷங்களில் லாஹௌல் பள்ளத்தாக்கில் வெளியே வந்துவிடலாம். நம் தேசத்து இன்ஜினீயர்களின் சாமர்த்தியத்தைப் போற்றிக்கொண்டே நாமும் அவ்விதம் வெளியே வந்தோம். கேலாங்கில் டீ, தார்ச்சாவில் சாப்பாடு, பாரலாச்சா கணவாயில் புகைப்படம் என்று அமர்க்களமாகப் போய், அன்று மாலையே சர்ச்சு சமவெளியை அடைந்துவிட்டோம். காலையில் 6,700 அடி. மாலையில் 14,000 அடி!

சர்ச்சுவைப் பார்த்தவர்கள் அங்கே தங்க ஆசைப்படாமல் இருக்க முடியாது. இரு பக்கமும் செம்மண்ணும் சாம்பலும் பூசியது போன்ற மலைகள்; நடுவே விசாலமான சமவெளி; ஆழமான பள்ளத்தில் ஓடும் ஆறு. ஓடைக்குப் பக்கத்தில் பச்சைப் பசேலென்று ஒரு புல்தரை எங்களைக் கூப்பிட்டது. கூடாரத்தை அங்கேயே அடித்தோம். "இந்த மாதிரி இடம் சொர்க்கத்திலும் கிடைக்காது" என்றார் நம்முடன் வந்த வாலிப நண்பர். அன்று நள்ளிரவில் சொர்க்கத்தின் வாசல் வரைக்கும் அவரே போய் வரும்படி ஆயிற்று.

முதலில் தலைவலி என்றார். பிறகு வாந்தி. பிறகு எழுந்து நிற்கச் சொன்னால் கள் குடித்தவர் மாதிரி தள்ளாடினார். அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் சமுத்திரக் கரையில் இருப்பதில் சுமார் 60 சதவிகிதந்தான். உடம்பு அதற்குப் பழகுவதற்குச் சில நாட்கள் வேண்டும். பழகாவிட்டால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொண்டு உயிருக்கே ஆபத்து வரலாம். சிகிச்சைகளுக்குள் சிறந்த சிகிச்சை, உடனே கீழே இறங்குவதுதான். ஆனால் சர்ச்சு ஒரு கிண்ணம் போன்றது. சாலை வழியே எந்தத் திசையில் போனாலும் முதலில் மேலே ஏறித்தான் இறங்க வேண்டும். வடக்கே போனால் 16,000 அடிக்கு மேற்பட்ட லாச்சுலுங் லா; தெற்கே திரும்பினால் 16,000 அடி பாரலாச்சா. மூச்சு விடத் தவிப்பவரை இன்னும் 2,000 அடி மேலே தூக்கிக்கொண்டு போனால்தான் அவரைக் காப்பாற்ற முடியும் என்ற விபரீதம்!

விடிவதற்கு முன்பே கிளம்பினோம். வண்டி ஓட்டிய லாஹௌல்காரர் ஒரு வார்த்தை பேசாமல், எங்கும் நிறுத்தாமல் ஓட்டினார். பாரலாச்சாவைத் தாண்டும் வரையில் நண்பரின் கையை நாம் விடவில்லை. ஜிங்ஜிங்பாரில் கண்ணைத் திறந்தார். தார்ச்சாவில், "காபி கிடைக்குமா?" என்று கேட்டார். தென்னாட்டுக்காரர் பிழைத்துவிட்டார் என்பதற்கு இதைக் காட்டிலும் நிச்சயமான அடையாளம் வேறு என்ன வேண்டும்? கேலாங்கில் டாக்டர் பரிசோதித்து இரண்டு நாள் ஓய்வு என்றார். அத்துடன் அந்த வருஷத்து யாத்திரை முடிந்தது.

ஆகவே நேயருக்கு நாம் சொல்லும் முதல் விஷயம் இது. எந்த இடத்தில் கூடாரம் அடிப்பது என்பது இரண்டாவது கேள்வி. எந்த உயரத்தில் படுப்பது என்பதே முதல் கேள்வி. 10,000 அடிக்கு மேலே போனபின், ஓர் இரவுக்கும் மறு இரவுக்கும் நடுவே படுக்கும் இடம் சுமார் 1,500 அடிக்கு மேல் உயரக் கூடாது என்றும், மூன்று நான்கு நாளைக்கு ஒரு முறை ஒரே இடத்தில் தங்கி ஓய்வெடுக்க வேண்டும் என்றும் வைத்தியர்கள் சொல்கிறார்கள்.

* * *

மறு வருஷம் மறுபடியும் போனோம். இந்தத் தடவை கேலாங்கில் இரண்டு இரவுகள் தங்கினோம். மூன்றாவது நாள் தார்ச்சாவைத் தாண்டி, பாகா நதியின் ஓரமாக, சுமார் 12,300 அடி உயரத்தில் பட்ஸியோ என்ற இடத்துக்கு அருகில் வந்தபோது வண்டியை நிறுத்தினோம். ராணுவத்தாரின் எல்லைக்கு நன்றாக வெளியே, சாலையிலிருந்து விலகி ஒரு தட்டையான தரை தெரிந்தது. ஓடை ஒன்று வறண்டு கிடந்தது. அதன் படுகையில் பொடி மணல் மெத்தை விரித்தாற்போல் இருந்தது. கூடார மூட்டையை அவிழ்த்துவிட்டோம்.

அப்போது சரிவில் நின்ற ஓர் ஆட்டிடையர் கையை வீசிக்கொண்டே இறங்கி வந்தார். ஹிமாசலப் பிரதேசத்தில் இந்த இடையர் வகுப்பினருக்குக் கத்தி என்று பெயர். பெயர்தான் கத்தி; மனிதர்கள் வெண்ணெய். குளிர் காலத்தில் காங்ரா முதலிய தாழ்ந்த மலைப் பக்கங்களில் இருந்துவிட்டு, கோடையில் மந்தைகளை ஓட்டிக்கொண்டு கணவாய்களைத் தாண்டி லாஹௌலுக்கு வருகிறார்கள். கம்பளிச் சட்டையின் மேல் இடுப்பில் கறுப்புக் கம்பளிக் கயிற்றைப் பல சுற்றுச் சுற்றியிருந்தார்.

"பாபுஜி, இது தண்ணீர் படுக்கும் இடம். நீங்கள் படுக்கும் இடம் அல்ல" என்றார்.

"தண்ணீரையே காணோமே!" என்றோம்.

"சாயங்காலம் வரும்" என்று சொல்லிச் சிரித்தார்.

வந்தது. பிற்பகல் நான்கு மணிக்கு ஒரு சலசலப்புக் கேட்டது. ஐந்து மணிக்கு அந்த மணல் மெத்தையின் மேல் பழுப்பு நிறத் தண்ணீர் முழங்கால் ஆழத்துக்கு ஓடிற்று. பகல் முழுவதும் வெயிலில் உருகும் பனி, மலையுச்சியிலிருந்து கீழே வந்து சேர நேரமாகிறது. ஆகையால் அந்தப் பிரதேசத்து ஓடைகள் அதிகாலையில் ஏழையாகவும் மாலையில் பணக்காரனாகவும் இருக்கின்றன. அந்தச் சாலையில் ஒரு நீரோடைக்குப் 'பாகல் நாலா', அதாவது பைத்தியக்கார ஓடை, என்றே பெயர். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். 2010-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் லே நகரத்தின் மேல் ஒரே இரவில் மேகம் வெடித்து, வெள்ளமும் சேறும் அடித்துக்கொண்டு வந்ததில் 200 பேருக்கு மேல் மாண்டார்கள். மழையே அபூர்வமான பாலைவனப் பூமி அது! வறண்ட ஓடை என்பது அங்கே தூங்கும் புலிக்குச் சமானம்.

இடையர் எங்களை ஒரு சிறு மேட்டுக்கு அழைத்துச் சென்றார். அங்கே முழங்கால் உயரத்தில் வட்டமாக அடுக்கிய கற்கள் இருந்தன. "இங்கே" என்றார். "என் தகப்பனார் படுத்த இடம், அவருடைய தகப்பனாரும் படுத்த இடம்."

அன்று மாலை முழுவதும் அந்தக் கல் வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, அது ஏன் அங்கே இருக்கிறது என்று ஆராய்ந்தோம். எந்த இன்ஜினீயரும் அதைக் காட்டிலும் நன்றாகத் திட்டம் போட்டிருக்க முடியாது. ஓடையின் மாலை வெள்ளத்துக்கு எட்டாத உயரம். ஆனால் குடத்துடன் போய் வருவதற்குச் சிரமமில்லாத தூரம். பிற்பகலில் பள்ளத்தாக்கின் வழியே சீறிக்கொண்டு வரும் காற்றைத் தடுக்க, பின்னால் ஒரு மண் திட்டு. கிழக்கே திறப்பு, ஆகையால் காலையில் முதல் வெயில் அங்கே விழுகிறது. இரவில் உறைந்து போன மனிதனுக்கு அந்த வெயிலின் அருமை தெரியும். மேலே செங்குத்தான பாறைச் சரிவு கிடையாது. சற்றுத் தள்ளி ஒரு சரிவின் அடியில் புல்லின் மேல் புதிதாக விழுந்த கற்கள் கிடந்ததைக் காட்டி, "அங்கே படுத்தால் காலையில் எழுந்திருக்க வேண்டியதில்லை" என்றார் இடையர். இரவுக் குளிரில் பாறை இடுக்கில் உறைந்த நீர், வெயில் பட்டு இளகும்போது கற்கள் உருளுகின்றன. பழைய கற்களில் பாசி படர்ந்திருக்கும். புதிய கற்கள் சுத்தமாக இருக்கும். தலைக்கு மேலே என்ன நடக்கிறது என்பதைக் காலடியிலேயே படித்துவிடலாம்.

இன்னொன்றும் கவனித்தோம். கல் வட்டம் புல்லின் மேல் இல்லை; சரளை மண்ணின் மேல் இருந்தது. காரணம் கேட்டோம். "புல் ஆட்டுக்கு, கல் மனிதனுக்கு" என்றார். அவ்வளவு உயரத்தில் புல் வளருவது வருஷத்தில் மூன்று நான்கு மாதந்தான். அதன் மேல் வண்டியை ஏற்றிக் கூடாரத்தை அடித்தால், மோட்டாரின் சக்கரச் சுவடு ஆறுவதற்குப் பல வருஷங்கள் ஆகும். சென்ற வருஷம் சர்ச்சுவில் எங்களைக் கூப்பிட்ட பச்சைப் புல்தரையை நினைத்துக்கொண்டோம். அது எங்களைக் கூப்பிடவில்லை, ஆடுகளைத்தான் கூப்பிட்டிருக்கிறது.

இரவில் நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோது நமக்கு ஒரு விஷயம் புலப்பட்டது. பட்ஸியோ சாதாரண இடம் அல்ல. பழைய நாளில் அங்கே வருஷந்தோறும் ஒரு சந்தை கூடிற்று. வடக்கேயிருந்து கம்பளி மயிரும் உப்பும் வெண்காரமும் வரும். தெற்கேயிருந்து தானியம் போகும். 1820-ஆம் வருஷம் மூர்க்ராப்ட் என்ற ஆங்கிலேய மிருக வைத்தியர் குதிரைகளைத் தேடிக்கொண்டு குலுவிலிருந்து லேக்குப் போனபோதும் ரோஹ்தாங்கையும் பாரலாச்சாவையும் தாண்டித்தான் போனார். அந்த வர்த்தகர்களும் யாத்திரிகர்களும் எங்கெங்கே தங்கினார்கள்? கேலாங், ஜிஸ்பா, தார்ச்சா, பட்ஸியோ, ஜிங்ஜிங்பார். உயரங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்: சுமார் 10,100 அடி; 10,500; 11,000; 12,300; 14,000. ஒரு நாளைக்குக் கால் எவ்வளவு தூரம் நடக்குமோ, ஏறக்குறைய அவ்வளவு உயரத்தைத்தான் உடம்பும் தாங்குகிறது! வைத்தியர்கள் இன்று கணக்குப் போட்டுச் சொல்வதை, சுமை தூக்கிய ஆடுகளின் கால்கள் அன்றே சொல்லியிருக்கின்றன. மோட்டார் வந்து அந்தக் கணக்கைக் குலைத்தது. சுரங்கப் பாதை இன்னும் கொஞ்சம் குலைத்தது. வண்டி வேகமாகப் போகிறது. இரத்தம் பழைய வேகத்தில்தான் பழகுகிறது.

ஆகையால், மலைப்பாதையில் கூடாரத்துக்கு இடம் 'கண்டுபிடிப்பது' என்ற பேச்சே பிசகு என்று நமக்குத் தோன்றுகிறது. நல்ல இடங்களையெல்லாம் நமக்கு முன்னால் போனவர்கள் கண்டுபிடித்தாகிவிட்டது. அவற்றை அடையாளம் தெரிந்துகொள்வதுதான் நம்முடைய வேலை. கல் வட்டமோ, பழைய அடுப்பின் கரியோ, ஆட்டுப் புழுக்கையோ கண்ட இடம் பெரும்பாலும் நல்ல இடம். மந்தையோ மேய்ப்பரோ அங்கே இருந்தால் அது அவர்களுடைய வீடு. அனுமதி கேளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிப் போங்கள். ராணுவத்தாரின் வேலியோ பலகையோ கண்ட இடத்தில் நிற்காதீர்கள். கிளம்புவதற்கு முன் கேலாங்கிலோ தார்ச்சா போலீஸ் சாவடியிலோ பாதையின் நிலையையும் விதிகளையும் விசாரித்துக்கொள்ளுங்கள். கணவாயின் உச்சியில் தங்குவதென்ற எண்ணமே வேண்டாம். பாரலாச்சாவில் கோடையிலும் பனி விழும். அதை முற்பகலுக்குள் தாண்டிவிடுவது உத்தமம். இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் இடம் அகப்படாவிட்டால் வீம்பு பிடிக்க வேண்டாம். பாரத்பூர், சர்ச்சு, பாங் முதலிய இடங்களில் கோடை காலத்தில் பாரசூட் துணியால் கூடாரம் போட்டு, சாப்பாடும் படுக்கையும் தருகிறார்கள். பழகிய உடம்புடன் போகிறவர்களுக்கு அங்கே ஓர் இரவு தங்குவதில் அவமானம் ஒன்றுமில்லை.

* * *

நேயரின் மனைவியாருக்கு ஒரு வார்த்தை. அம்மணி, 14,000 அடி உயரத்தில் தண்ணீர் சுமார் 86 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்துவிடும். பாத்திரம் தளதளவென்று ஆர்ப்பாட்டம் செய்யும்; உள்ளே துவரம் பருப்பு கல்லுப் போல் அப்படியே இருக்கும். ஆகையால் பிரஷர் குக்கர் இல்லாமல் கிளம்ப வேண்டாம். அடுப்புக்கு எரிபொருளும் கையோடு கொண்டு போக வேண்டும். தார்ச்சாவுக்கு மேலே மரம் என்பதே கிடையாது. காய்ந்த சாணம் கிடக்கிறதே என்று எடுத்து எரித்துவிடாதீர்கள். அது மேய்ப்பவர்களின் விறகுக் கட்டை.

அந்தக் குளிரிலும் வறட்சியிலும் எதுவும் எளிதில் மக்குவதில்லை. ஆரஞ்சுத் தோல்கூட நம் ஊர்த் தோட்டத்தில் போல் சில வாரங்களில் மண்ணாகிவிடாது. ஆகையால் தோல், காகிதம், பை, புட்டி யாவும் கொண்டு போன வண்டியிலேயே திரும்ப வேண்டும். மலஜலத்துக்கு ஓடையிலிருந்து குறைந்தது 200 அடி தள்ளிப் போக வேண்டும். இந்த 200 அடிக் கணக்கு அமெரிக்காவில் சர்க்கார் காடுகளில் பிரசித்தம். அங்கே, ஏற்பாடு செய்த முகாம்களுக்கு வெளியே காட்டில் தனித்தனியே கூடாரம் அடித்துத் தங்குவதற்கு ஜனங்களுக்குப் பொதுவாக உரிமை உண்டு. வாடகை கிடையாது. ஆனால் பல காடுகளில் 14 நாளைக்கு மேல் ஓரிடத்தில் தங்கக் கூடாது. தண்ணீரை விட்டு விலகியே இருக்க வேண்டும். முன்பு பிறர் தங்கிய தரையிலேயே தங்க வேண்டும். புதிய தரையைக் கெடுக்கலாகாது. நம் இடையர் இந்த விதிகளைப் படித்தவர் அல்ல. எனினும் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன.

சர்ச்சுவுக்கு அப்பால் கட்டா வளைவுகள் என்று 21 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏற்றம் ஒன்று உண்டு. அதன் ஓரத்தில் ஒரு சின்னஞ்சிறு கோயில். பழுதான லாரிக்குக் காவலாக விடப்பட்ட கிளீனர் ஒருவன், தாகத்தாலும் குளிராலும் அங்கே மாண்டான் என்றும், அவன் ஆவி தண்ணீர் கேட்கிறது என்றும் கதை சொல்லுகிறார்கள். போகிறவர்கள் இரக்கப்பட்டுத் தண்ணீர்ப் புட்டி வைத்துவிட்டுப் போகிறார்கள். புட்டிகள் குவிந்து குன்றாகக் கிடந்ததை நாம் கண்டோம். தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் மனம் நம் ஜனங்களுக்கு இருக்கிறது. அதற்காகக் கை கூப்புகிறோம். ஆனால் அந்தப் பிளாஸ்டிக் குன்றை யார் சுமந்து இறக்குவது?

இதற்குப் பதிலை அந்தச் சாலையிலேயே பார்த்தோம். ஜார்க்கண்டு முதலிய தூர தேசங்களிலிருந்து வந்த கூலியாட்கள் கிழிந்த தார்ப்பாய்க்குக் கீழே படுத்து எழுந்து, கல் உடைத்துச் சாலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்கள். நாம் ஓர் இரவு ஆசைக்காகத் தாங்கும் குளிரை அவர்கள் வயிற்றுக்காகப் பல மாதம் தாங்குகிறார்கள். அவர்கள் குடிப்பதும் அந்த ஓடைத் தண்ணீரைத்தான். மேலே நாம் அசுத்தம் செய்தால் அது கீழே அவர்களுடைய குவளைக்குத்தான் போகிறது. பிறகு பாகா நதிக்குப் போகிறது. தண்டியில் சந்திராவுடன் கலந்து சந்திரபாகாவாகி, செனாப் என்ற பெயருடன் சமவெளியை நோக்கி ஓடுகிறது.

ஹிமாலயத்தைப் பாரத மாதாவின் மணிமுடி என்று மேடைதோறும் பேசுகிறோம். தாயின் தலையில் குப்பை கொட்டுகிறவனைப் பிள்ளை என்று யார் சொல்வார்கள்? காவலாளி இல்லாத நிலத்தில் ஒருவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதே சுதந்திர தேசத்துப் பிரஜைக்குப் பரீட்சை. நூறு மைலுக்கு ஒரு போலீஸ்காரர்கூடக் கண்ணில் படாத மலைச் சரிவில் அந்தப் பரீட்சை நடக்கிறது.

பட்ஸியோவை விட்டுக் கிளம்பிய காலையில், கூடாரத்தைச் சுருட்டியபின், இடையர் வட்டத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். நாம் நகர்த்தியிருந்த ஒரு கல்லைக் காலால் தள்ளிப் பழைய இடத்தில் சேர்த்தார். பிறகு, "சரி, அடுத்த தடவை வரலாம்" என்றார். நமக்குக் கிடைத்த நற்சாட்சிப் பத்திரங்களுக்குள் அதையே உயர்ந்ததாக மதிக்கிறோம்.

கோயம்புத்தூர் நேயரும் குடும்பத்தாரும் க்ஷேமமாய்ப் போய் வரட்டும். கேலாங்கில் இரண்டு இரவு தங்கட்டும். கல் வட்டத்தைத் தேடட்டும். மைத்துனர் எவ்வளவு அவசரப்பட்டாலும் முதல் நாளே சர்ச்சுவுக்குப் போக வேண்டாம். திரும்பி வந்தபின், தாங்கள் தங்கிய இடம் எது என்று நமக்கு எழுத வேண்டியதில்லை. அங்கே தாங்கள் தங்கியது தெரியாதபடி விட்டு வந்தோம் என்று ஒரு வரி எழுதினால் போதும்.